முழுநாள் அனுமதி

இரண்டு நாள் லீவை
ஒரு கொப்பித் தாளில் பங்கிட்டிருந்தோம்.
முதல் நாள் ஊர் பார்ப்பது, அது எங்களுக்கு.
இரண்டாம் நாள் தண்ணீர்ப் பூங்கா, அது பிள்ளைகளுக்கு.
அந்த இரண்டாம் நாளைச் சுற்றி அபிதாரணி
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு
வட்டத்துக்குள் ஒரு சறுக்கும் கீறியிருந்தாள்.

ஆகவே முதல் நாள் முழுக்க
திருகோணமலை
பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருந்தது.
கோட்டை வாசலில் மான் ஒன்று
எங்கள் ரொட்டிப் பார்சலின் தாளைத் தின்றது.
இராவணன் வெட்டில் எட்டிப் பார்த்த கிரிசாந்
“இதால சறுக்கலாமோ?” என்றான்.
நிமலராசன் துறைமுகத்தைக் காட்டி
எவ்வளவு ஆழம் தெரியுமோ என்று மூன்று தரம் கேட்டார்.
ஆழம் எங்கே தெரிகிறது,
நீலம்தான் தெரிந்தது.
காலையில் நின்ற இடத்திலேயே
பின்னேரமும் நின்றது ஒரு கப்பல்.
கோணேசரிடம் நான் கேட்டது
நாளைக்கு மழை வேண்டாம் என்று மட்டும்.

உப்புவெளி அறையில் அன்றிரவு
நீச்சலுடையைப் போட்டுக்கொண்டே படுத்தாள் மகள்.

மழை வரவில்லை.
தண்ணீரும் வரவில்லை.

ஒன்பதரைக்குக் கையில் பட்டி கட்டிவிட்டார்கள்,
பச்சைக் கடதாசி, முழுநாள் அனுமதி, மூன்று மொழியில்.
பத்தேகாலுக்கு மோட்டார் பழுதென்றார்கள்.
பதினொன்றுக்கு, பவுசர் கந்தளாய் தாண்டிவிட்டதென்றார்கள்.
மஞ்சள் சறுக்குகள் வெயிலில்
வாய் திறந்து கிடந்தன.
வெறும் தொட்டிக்குள் இறங்கிய காகம்
நீல ஓடுகளைக் கொத்திப் பார்த்துவிட்டு
எங்களைப் போலவே சுற்றுமுற்றும் பார்த்தது.
தகர வேலிக்கு அந்தப் பக்கம் கடல்.
அலைச் சத்தம் நன்றாகக் கேட்டது.
ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

காசைத் திருப்பித் தந்த பெடியன்
முகம் நிமிர்த்தாமல் எண்ணினான்.
எனக்கு, சொல்ல வெட்கம்தான்,
உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி.
லைட் பில்லும் ரியூசன் காசும்
அந்த நோட்டுகளுக்குள்ளேதான் ஒளிந்திருந்தன.
பட்டியை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்தான்.
அபிதாரணி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

திரும்பும் வழியில் கன்னியா.
தகப்பனின் முப்பத்தோராம் நாளுக்கு
நிமலராசன் வந்த இடம்.
அவர் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.

ஏழு கிணறு. ஒவ்வொன்றிலும் ஒரு சூடு.
ஒரு வாளியை ஐந்து குடும்பம் மாறிமாறி.
முதல் வாளிக்குக் கிரிசாந் போட்ட சத்தத்தில்
வெளியூர்க் கூட்டமொன்று விழுந்து சிரித்தது.
பிறகு அவன் சட்டம் போடத் தொடங்கினான்:
இது பயம். இது அரைப் பயம்.
மூலையில் இருக்கிறது,
குள்ளமான ஆட்களுக்கு அனுமதியில்லை.
முன்பின் தெரியாத சிங்களப் பெடியன் ஒருவன்
சொல்லு ஒன்றும் விளங்காமலே
சட்டம் முழுக்க விளங்கி
அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றான்.
ஓட்டம், வழுக்கல்,
முழங்காலில் சிராய்ப்பு, மறுபடி ஓட்டம்.

நாலாவது கிணற்றடியில்
வாளியைத் தலைக்கு மேல் தூக்கிய நிமலராசன்
ஊற்றாமல் நின்றார்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
“அப்பா, லைன் நிக்குது!”
ஊற்றினார்.

அபிதாரணி இறங்கவேயில்லை.
கட்டில் இருந்து, பட்டி நனையாமல்
மணிக்கட்டை உயர்த்திப் பிடித்தபடி,
யாரோ சிந்திய சுடுநீரில்
கால்விரல்களை மட்டும் வைத்திருந்தாள்.
நான் பார்த்தால் எடுத்தாள்.
பார்க்காதபோது வைத்தாள்.

வவுனியாவில் பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு கிழமை.
பச்சை வெளுத்துப்போன பட்டி இன்னும் கையில்.
வகுப்பில் என்ன சொன்னாளோ,
கேற்றடியில் டீச்சர் என்னை மறித்தார்.
“அந்த மஞ்சள் சறுக்கு
அவ்வளவு உயரமாமே?”

மகள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம் டீச்சர்,” என்றேன்.
“சரியான உயரம்.”